நானூற்றுப் பன்னிரண்டு வயலின் மாமாக்கள்

ஒன்றியத்திலிருந்து வந்த முதல் கடிதத்தில் எந்த விஷமும் இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். ஸ்கார்வோய் தீவில் தபால் கொடுப்பது என் பிழைப்பு. தீவின் பேண்டில் சிறு முரசு அடிப்பது என் பொழுதுபோக்கு. இரண்டிலும் யாரும் என்னைப் பாராட்டியதில்லை, பெரிதாகக் குறை சொன்னதும் இல்லை.

வடகரை இசைக்குழுக்கள் ஒன்றியத்துக்கு நூறு வயதாகிறதாம். அதற்கொரு மலர் வெளியிடுகிறார்களாம். ஒன்றியத்தில் உள்ள இருபத்தெட்டு பேண்டுகளின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னுடைய இசைப் பின்னணியை அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டும். எங்கே கற்றார், யாரிடம் கற்றார், இசை அவரை எப்படி ஆட்கொண்டது. அவ்வளவுதான்.

நாங்கள் பதின்மூன்று பேர். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் கூடி வாசிப்போம். நடுவில் காப்பியும் வாஃபிளும் உண்டு. அந்த வாரம் வாஃபிள் தட்டுக்குப் பக்கத்தில் காகிதங்களை வைத்துக்கொண்டு ஆளுக்கு அரைப் பக்கம் எழுதினோம். உண்மையை எழுதினோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

பேண்டை நடத்துகிற குன்வோர் தீவின் நர்ஸ். அவளுடைய அப்பா ஜெபவீட்டுப் பிரசங்கி. பித்தளை வாத்தியம் சாத்தானின் தொண்டை என்று நம்பியவர். ஆகவே அவள் நூலகப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் கார்னெட் கற்றாள். பசுக்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை, பால்தான் கொஞ்சம் குறைந்தது என்று எழுதினாள். ரொட்டிக்கடை அன்ஸ்கார் இளவயதில் வீட்டில் சாராயம் காய்ச்சி விற்று இரண்டரை மாதம் சிறையில் இருந்தவன். அந்தச் சிறையில் பொழுதுபோக்க இரண்டே பொருட்கள் இருந்தன. ஒன்று ராணி தொலைந்துபோன சதுரங்கப் பலகை, இன்னொன்று ட்ராம்போன். கிளாரினெட் வாசிக்கும் அக்கா தங்கை இருவரும் ஒரு படகுக் கொட்டகைக்காக ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இருவரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: 'அவளுக்கு முன்பே நான் கற்றுக்கொண்டேன்.'

ஓட்வார் மட்டும் மூன்று செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டான். அவன் காரும் ஆளும் ஏற்றிப்போகும் ஃபெர்ரியில் எஞ்சின் பார்ப்பவன். எஞ்சின் பதிவேட்டைத் தவிர அவன் வாழ்க்கையில் வேறெதுவும் எழுதியதில்லை. அந்தப் பதிவேட்டின் நடையிலேயே தன் பின்னணியையும் எழுதினான்:

'நவம்பர் மாதம். பள்ளி நிலவறையில் சூடேற்றி பழுது. சரிசெய்யப் போனேன். அங்கே பேண்டு பயிற்சி. ட்யூபா (பெரிய பித்தளைக் குழல், அடி ஸ்வரம்) வாசித்தவர் முந்தின வாரம் பெர்கனுக்குக் குடிபோய்விட்டார், இன்னொருவருடைய மனைவியோடு. நாற்காலி காலியாக இருந்தது. சூடேற்றி சூடாகும்வரை உட்கார்ந்தேன். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், ஊது என்றார்கள். ஊதினேன். முப்பத்தொரு வருடம் ஆகிறது. இன்னும் ஊதுகிறேன்.'

எங்களில் முறையான பின்னணி உள்ளவர் ஒருவர்தான். அவர் பிரெபென். ஓஸ்லோவில் ஓய்வுபெற்று, கோடைவீட்டிலேயே குடியேறிவிட்டவர். இசை வரலாற்றில் பட்டயம் வாங்கியவர். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எதைக் கொடுத்தால் சேதம் குறைவாக இருக்கும் என்று யோசித்து குன்வோர் அவருக்கு முக்கோணக் கம்பியைக் கொடுத்திருந்தாள். அவர் பதினொரு பக்கம் எழுதினார்.

எல்லாவற்றையும் உறையிலிட்டு நானே அனுப்பினேன்.

ஜனவரியில் பதில் வந்தது. உறுப்பினர்களின் பின்னணிகளை ஒன்றியம் ஆழ்ந்த கவலையுடன் வாசித்ததாம். மாவட்டத்தின் இசை நன்றாக இருப்பதாக இதுவரை நம்பப்பட்டு வந்ததாம். ஆனால் அந்த இசைக்குப் பின்னால் இருப்பது மாட்டுக் கொட்டகை, சிறைச்சாலை, சூடேற்றி போன்றவை என்று இப்போது தெரியவந்திருக்கிறதாம். நூற்றாண்டு மலரில் இவற்றை அச்சிட இயலாதாம். ஆகவே பின்னணி ஆலோசகர் என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டு, அதில் திரு. ஃபிரித்தியோஃப் ராஸ்க் அமர்த்தப்பட்டிருக்கிறார். அவர் நேரில் வருவார்.

வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். மலையேறும் ஜாக்கெட் போட்டிருந்தார், அதை இஸ்திரி போட்டிருந்தார். காப்பி வேண்டாம் என்றார். எங்களை உட்காரவைத்து நின்றுகொண்டு பேசினார்.

"இசையை யார் வேணா வாசிச்சிரலாம். ஒரு பேண்டு நல்லா வாசிச்சா கேக்கறவங்க பத்து நிமிஷம் சந்தோஷப்படுவாங்க, அப்புறம் வீட்டுக்குப் போய் மறந்துருவாங்க. பின்னணி அப்படி இல்ல. அது காகிதத்துல இருக்கு. காகிதம் நிக்கும். நூறு வருஷம் கழிச்சு நீங்க வாசிச்சது யாருக்குங்க கேக்கப்போவுது? உங்க படிவத்தத்தான் படிப்பாங்க."

நீங்கள் என்ன வாத்தியம் வாசிப்பீர்கள் என்று அன்ஸ்கார் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி அது.

"நான் எதுவும் வாசிக்கறதில்லங்க" என்றார் ராஸ்க், பெருமையாகவே. "வாசிக்கறவங்களுக்கு ஒரு பக்கச் சாய்வு வந்துரும். ஒன்றியத்துல பதினொரு பேர் வேலை பாக்கறோம், ஒருத்தர்கூட வாசிக்கறதில்ல. முன்ன ஒருத்தர் இருந்தாரு, ஹார்ன் ஊதுவாரு. சாப்பாட்டு நேரத்துல அறையைச் சாத்திட்டு ஊதுவாரு. எங்களால வேலை பாக்க முடியல. வேற துறைக்கு மாத்திட்டோம்."

பிறகு ஒவ்வொருவராக உடற்பயிற்சி அறைக்கு அழைத்து விசாரித்தார். ஓட்வாரிடம் நடந்ததை அவனே பிறகு எங்களுக்குச் சொன்னான். அவனுக்கு எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாது என்பதால் அதை அப்படியே நம்பலாம்.

"இசை உங்களை முதல்ல தொட்டது எப்போ?" என்று ராஸ்க் கேட்டிருக்கிறார்.

"அது தொடலைங்க. நான்தான் தொட்டேன். சில்லுனு இருந்துச்சு."

"அந்தக் கணத்துல உள்ளுக்குள்ள என்ன நடந்துச்சு?"

"சூடேத்தியில தண்ணி ஏற ஆரம்பிச்சுது."

ராஸ்க் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் பாடுகிறவர், ஆடுகிறவர், குறைந்தபட்சம் விசில் அடிக்கிறவராவது உண்டா என்று கேட்டார். ஓட்வார் நேர்மையாக யோசித்தான். தன் மாமா ஒருவர் விலாங்கு மீன் விற்றார் என்றும், விலைசொல்லிக் கூவும்போது குரல் துறைமுகம்வரை கேட்கும் என்றும் சொன்னான். ராஸ்க் அதைக் குறித்துக்கொண்டார், பிறகு அடித்துவிட்டார்.

அடுத்த மாதம் தரவரிசை வந்தது. முதல் வகுப்பு, பின்னணி உறுதிசெய்யப்பட்டவர்கள். எங்கள் தீவில் அது பிரெபென் ஒருவர். இரண்டாம் வகுப்பு, பின்னணி உருவாகிக்கொண்டிருப்பவர்கள். இவர்கள் பாதி ஓசைக்கு மேற்படாமல் வாசிக்கலாம். அதில் பதினொரு பேர். மூன்றாம் வகுப்பு, பின்னணி அற்றவர்கள். இவர்கள் வாத்தியத்தைக் கையில் ஏந்தி 'ஒலியெழுப்பாமல் கலந்துகொள்ளலாம்'. அதில் ஓட்வார்.

தன் பெயருக்கு எதிரே இருந்த வரியை ஓட்வார் இரண்டு முறை படித்தான். பிறகு என்னிடம் கொடுத்து, நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்கச் சொன்னான்.

இதற்கெல்லாம் பரிகாரமும் இருந்தது. பெருநிலத்தில் ஒரு ஹோட்டலில் இரண்டு வார இறுதிகள் நடக்கும் 'பின்னணி உருவாக்கப் பயிற்சி'. எங்கள் பேண்டு முழுக்கப் போனது. வாத்தியங்கள் கொண்டுவரக் கூடாது என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள், அவை கவனத்தைச் சிதறடிக்குமாம். மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். முப்பது வருடம், நாற்பது வருடம் வாசித்தவர்கள் எல்லோரும் பாயில் கால்மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பயிற்சியாளர் மென்மையான குரலில், உங்கள் சிறுவயதுக்குப் போங்கள், ஒரு அறை, ஒரு ஜன்னல், தூரத்தில் யாரோ வாசிக்கிறார்கள், அது யார் என்று கேட்டார். சிலர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். உதாரணத்துக்கு, வயலின் வாசிக்கும் மாமாவாக இருக்கலாம் என்றார்.

அவர் வேறு உதாரணம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது வார இறுதி முடிவதற்குள் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் வயலின் வாசிக்கும் மாமா வந்துவிட்டார். அன்ஸ்காருக்கு வந்தார். குன்வோருடைய பிரசங்கி அப்பாவுக்கே தெரியாமல் அவளுக்கு ஒருவர் வந்தார். எனக்கும் வந்தார், அவருக்கு நான் மீசை வைத்தேன். பேசிக்கொள்ளாத சகோதரிகளுக்கு இரண்டு வெவ்வேறு மாமாக்கள் வந்தார்கள், அக்காவுடைய மாமா கொஞ்சம் நன்றாக வாசிப்பவர். முடிவு நாளில் ராஸ்க் கண்கலங்கி, இந்த மாவட்டத்தில் இத்தனை வயலின் மாமாக்கள் வாழ்ந்து மறைந்தது எங்களுக்கே இப்போதுதான் தெரிகிறது என்றார்.

ஓட்வாருக்கு மட்டும் மாமா வரவில்லை. கண்ணை மூடினான். தெரிந்ததெல்லாம் விலாங்கு மீன். கடைசியில் படிவத்தில் மறுபடியும் நவம்பர் மாதம், சூடேற்றி பழுது என்றே எழுதிக் கொடுத்தான். ஒரு வரிதானே, எழுதிவிட்டுப் போயேன் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். நடக்காததை எழுதினால் அப்புறம் அடுத்தவன் அதை நம்பி எஞ்சினைத் திறப்பான் என்றான். நாங்கள் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை என்று அன்ஸ்கார் சொல்லிப் பார்த்தான். ஓட்வாருக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை.

ஏப்ரலில் ஒரு பெட்டி வந்தது. நான்தான் சுமந்துகொண்டு போனேன். உள்ளே சாம்பல் நிறத் தடித்த கம்பளித் துணியில் செய்த வட்டமான அடைப்பு ஒன்று. ட்யூபாவின் வாயில் வைத்து, கம்பியால் கட்டி, ஈய முத்திரை போட வேண்டும் என்று விளக்கப் படத்தோடு எழுதியிருந்தது. ட்யூபா ஒன்றியத்தின் சொத்து. அடிப்பக்கத்தில் அதன் சின்னம் பொறித்திருக்கும். ஆகவே மறுப்பதற்கில்லை. ஓட்வார் அதைத் தானே கட்டினான், கசிவில்லாமல், ஒழுங்காக. வேலை என்று வந்தால் அவனுக்கு அரைகுறையாகச் செய்யவராது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு செவ்வாயும் வந்தான். மடியில் ட்யூபாவை வைத்துக்கொண்டு, வால்வுகளை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பான். அடித்தளம் இல்லாத வீடு மாதிரி எங்கள் இசை ஆடியது. எனக்குத் தாளம் பிடிக்க முடியவில்லை. எது பாதி ஓசை என்று தெரியாததால் எல்லோரும் பயந்து பயந்து ஊதினார்கள். பிரெபென் மட்டும் முழு ஓசையோடு, தவறான இடங்களில், தட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தபால் கொடுக்கப் போனபோது ஓட்வாரின் மனைவி யோருன் என்னைச் சமையலறைக்கு அழைத்தாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஓட்வார் எப்போதும் தாடையை அசைத்து அடித்தொண்டையில் பம் பம் என்று முனகுவானாம். முப்பது வருடமாக அது அவளுக்கு எரிச்சல். மூன்று வாரமாக அது இல்லை. முந்தின இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்துவிட்டு, "யோருன், நான் இத்தன வருஷம் வேற யாரோ உக்கார வேண்டிய எடத்துல உக்காந்துட்டிருந்தனா?" என்று கேட்டானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"சாப்பிடுன்னேன்" என்றாள். பிறகு, "அந்த முனகல் இல்லாம என்னால தூங்க முடியல" என்றாள்.

மே பதினேழு வந்தது. நாட்டின் அரசியல் சாசன நாள். எங்கள் தீவில் கிறிஸ்துமஸைவிட அதுதான் பெரிது. பேண்டு முன்னால் போகும், பள்ளிப் பிள்ளைகள் கொடிகளோடு பின்னால் வருவார்கள், ஊர்ப்பெரியவர்கள் கம்பளி உடையும் வெள்ளிப் பொத்தான்களுமாக ஓரத்தில் நிற்பார்கள். ஒன்றியத்தின் நூற்றாண்டு என்பதால் ராஸ்க் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். இறங்குதுறையில் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பிரெபெனுடைய பின்னணியை முழுதாக வாசித்தார். ஐஸ்கிரீம் உருகிப் பிள்ளைகளின் கைகளில் வழிந்தது.

ஊர்வலம் கிளம்பியது. முதல் வகுப்பு என்பதால் பிரெபென் முன்னால் போனார். கடற்காற்று பலமாக இருந்தது. பாதி ஓசை என்பது காற்றில் இல்லாத ஓசை என்று எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் கால்மாறி, இடித்துக்கொண்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். கடைசி வரிசையில் ஓட்வார் தன் அடைத்த ட்யூபாவைச் சுமந்துகொண்டு, உதட்டை வாய்க்குழலில் வைத்துக்கொண்டு வந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வாசிக்கிறான் என்றே தோன்றும்.

முதியோர் இல்லத்தின் முன் நின்று இரண்டு பாட்டு வாசிப்பது வழக்கம். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, போர்வை போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். நாங்கள் முதல் பாட்டை வாசித்து முடித்தோம். முடித்தது அவர்களுக்குத் தெரியவில்லை. கீழ் ஜன்னலில் இருந்த ஒரு கிழவர், பழைய மீன்பிடிக் கப்பல் தலைவர், குன்வோரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவருக்கு தினமும் ஊசி போடுகிறவள் அவள்தான்.

"யாரும்மா செத்தது?" என்று கேட்டார்.

குன்வோர் திரும்பி எங்களைப் பார்த்தாள். கையை உயர்த்தினாள், ஆனால் எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. அப்போது ஓட்வார் ட்யூபாவைப் புல்லில் இறக்கி வைத்தான். கால்சட்டைப் பையிலிருந்து குறடு எடுத்துக் கம்பியை வெட்டினான். அவசரப்படவில்லை. அடைப்பை உருவி எடுத்துத் தூசி தட்டினான்.

ராஸ்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஓட்வார், அது ஒன்றியத்தோட முத்திரை."

"தெரியும். நீங்களே வச்சுக்கங்க" என்று அதை அவர் கையில் கொடுத்துவிட்டு ட்யூபாவைத் தூக்கினான்.

இசை அற்புதமாக இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒரு மாதத்துக்கு மேலாக அவன் ஊதவில்லை, உதடு மரத்துப்போயிருந்தது. முதல் தடவை பாட்டு நடுவில் சரிந்து விழுந்தது. மறுபடி ஆரம்பித்தோம். நான் முரசைப் பாதியாக அடிக்கவில்லை. யாரும் எதையும் பாதியாகச் செய்யவில்லை. பிரெபென்கூட ஒரு இடத்தில் சரியாகத் தட்டினார், தட்டிவிட்டுத் திடுக்கிட்டார். ஜன்னலில் கிழவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துச் சட்டத்தில் தாளம் போட்டார். பாட்டு முழுவதும் ராஸ்க் அந்தக் கம்பளி வட்டத்தைத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். கீழே வைக்க அவருக்கு இடம் தெரியவில்லை.

ஜூனில் எங்களை ஒன்றியத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ட்யூபாவைத் திரும்பப் பெற ராஸ்க்கே வந்தார். ஓட்வார் அதைத் துடைத்து, வால்வுகளுக்கு எண்ணெய் போட்டு, அதன் பெட்டியில் வைத்து, பெட்டிக்குச் சாவி இல்லை என்பதையும் சொல்லி ஒப்படைத்தான். ராஸ்க்கால் அதைத் தூக்க முடியவில்லை. ஓட்வாரே ஃபெர்ரிவரை சுமந்தான். ராஸ்க்கின் சின்ன மின்சாரக் காருக்குள் பெட்டி போகவில்லை. இதைக் கழற்றி மடக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றான். கடைசியில் பெட்டி இல்லாமல் ட்யூபாவை மட்டும் முன்னிருக்கையில் நிமிர்த்தி வைத்து, பட்டை போட்டுக் கட்டிவிட்டு, ஓட்வார் கீழே எஞ்சின் அறைக்குப் போனான்.

பாதி வழியில் எண்ணெய் அளவு பார்க்க அவன் மேலே வந்தபோது வாகனத் தளத்தில் வேறு யாரும் இல்லை. ராஸ்க் காரின் கதவைத் திறந்து, குனிந்து, கன்னங்களை உப்பவைத்து ட்யூபாவுக்குள் ஊதிக்கொண்டிருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஓட்வார் கொஞ்ச நேரம் பார்த்தான். பழுதான எதையும் பார்த்துக்கொண்டு சும்மா போக அவனால் முடியாது.

"ஒதட்ட ரொம்ப இறுக்காதீங்க" என்றான்.

ராஸ்க் துள்ளி நிமிர்ந்ததில் காரின் கூரையில் தலை இடித்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகஸ்டில் நூற்றாண்டு மலர் வெளிவந்தது. நீக்கப்பட்ட பிறகும் எங்களுக்கு ஒரு பிரதி வந்தது, முகவரிப் பட்டியலை மாற்றும் பொறுப்பு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை போலிருக்கிறது. அன்ஸ்கார் உட்கார்ந்து எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டு வயலின் மாமாக்கள். அத்தனை பேர் ஒரே காலத்தில் வாசித்திருந்தால் இந்தக் கரையில் ஒரு மீன்கூட தங்கியிருக்காது என்றான். மலரின் முதல் பக்கத்தில் ராஸ்க்கின் படம் இருந்தது. அவர் ஒன்றியத்தின் இயக்குநர் ஆகப்போகிறார். ஆனால் இனி ஒன்றியத்தின் ஊழியர்களுக்கும் இசைப் பின்னணி கட்டாயம் என்று விதி போட்டிருந்தார்கள். அந்த விதியை எழுதியவர் ராஸ்க். படத்துக்குக் கீழே அவருடைய பின்னணி இருந்தது:

'வடகடலின் அலைகளுக்கு நடுவே, வாய்மொழி மரபில் வந்த ட்யூபா ஆசான் ஓட்வார் நெஸ்ஹெய்ம் அவர்களிடம் நேரடிப் பயிற்சி பெற்றவர்.'

ஓட்வாருக்கு அது புரியப் பத்து நிமிடம் ஆனது. புரிந்ததும் ஒன்றியத்துக்கு எழுதினான். ராஸ்க் என் மாணவர் அல்ல, நான் அவரிடம் சொன்னது மொத்தம் மூன்று சொற்கள், அவருக்குச் சத்தமே வரவில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பின்னணி அற்ற ஒருவர் இன்னொருவருடைய பின்னணி குறித்துச் சாட்சி சொல்லத் தகுதியற்றவர், ஆகவே மறுப்பு ஏற்கப்படவில்லை. ஆனால் முதல் வகுப்பு நபர் ஒருவரின் ஆசான் என்ற முறையில் அவருக்கும் முதல் வகுப்பு கிடைக்கும். அதற்கு அவர் தாம் ஆசான்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொண்டால் தகுதி உண்டு, ஆனால் மறுக்க முடியாது. விதிமுறை இணைப்பு நாற்பது பக்கம்.

யோருன் கையெழுத்துப் போடச் சொன்னாள். குன்வோரும் சொன்னாள். முதல் வகுப்பு வந்தால் ட்யூபா வரும், ட்யூபா வந்தால் பேண்டு பிழைக்கும். ஓட்வார் அந்த நாற்பது பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப்போனான். கையேடு எதுவானாலும் கடைசிப் பக்கம்வரை படிப்பது அவன் தொழில் பழக்கம். அடுத்த செவ்வாய் வந்து, இருபத்தேழாம் பக்கத்தை எங்களுக்குக் காட்டினான். ஆசான் மாணவருக்கு வாரம் ஒரு முறை நேரில் பயிற்சி தர வேண்டும். பயிற்சி முடிந்தது என்று ஆசான் சான்று தரும்வரை வாத்தியம் ஆசானின் பொறுப்பில் இருக்கும்.

"நான் கையெழுத்துப் போடறேன்" என்றான்.

"அப்ப பொய் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டியா?" என்று அன்ஸ்கார் கேட்டான்.

"இன்னிக்குப் பொய்தான். அந்தாளு செவ்வாய்க்கெழம வந்து ஊதிட்டா அப்புறம் பொய் இல்லல்ல?"

கையெழுத்திட்டு, கீழே ஒரு வரி சேர்த்தான்: 'செவ்வாய் மாலை ஆறரை மணி, பள்ளி நிலவறை. வரும்போது ட்யூபாவைக் கொண்டுவரவும்.'

ராஸ்க்கால் வராமல் இருக்க முடியவில்லை. அவருடைய பதவி அந்த மூன்று சொற்களின் மேல் நின்றுகொண்டிருந்தது. செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வாடகை வேன் ஒன்றில் ட்யூபாவோடு வந்திறங்கினார். இஸ்திரி ஜாக்கெட் அதேதான். ஓட்வார் அவரை உட்காரவைத்து, எப்படி மூச்சு இழுப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தான். கேலி செய்யவில்லை. எங்களையும் செய்யவிடவில்லை. அன்று ஒரு மணி நேரம் ராஸ்க் ஊதினார், எதுவும் வரவில்லை. இரண்டாவது வாரம் காற்று வந்தது. கிளாரினெட் சகோதரிகளில் தங்கை தன்னை மறந்து அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், அக்காவும் சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் அவசரமாக அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ராஸ்க்கின் கையிலிருந்த ட்யூபாவிலிருந்து ஒரு ஸ்வரம் வந்தது. அடி ஸ்வரம். வட்டமான, நீளமான ஒன்று. நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அவர் மூச்சு தீரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய்க்குழலை எடுத்தபோது அவருடைய முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. நெற்றிச் சுருக்கம் போய், வாய் லேசாகத் திறந்து, சாலையில் எதையோ கண்டெடுத்தவர் மாதிரி இருந்தார். அந்த ஒரு கணம் எனக்கு அந்த மனிதனைப் பிடித்துக்கூட போயிற்று.

"ஓட்வார்" என்றார்.

"சொல்லுங்க."

"இதுக்குச் சான்றிதழ் எதுவும் உண்டா?"

ஓட்வார் ட்யூபாவை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டான். "உண்டு" என்றான். "அடுத்த செவ்வாய்க்கெழம ரெண்டாவது ஸ்வரம். மொத்தம் முடிச்சதும் தருவேன்."

அடுத்த செவ்வாய் ராஸ்க் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. இயக்குநர்களுக்கு இசைப் பின்னணி தேவையில்லை என்று அக்டோபரில் விதியைத் திருத்திவிட்டார்கள் என்று நான் கொண்டுபோன ஒரு சுற்றறிக்கையில் இருந்தது. இருபத்தேழாம் பக்கத்தைத் திருத்த யாரும் நினைக்கவில்லை. அவருடைய பயிற்சி இன்னும் முடியவில்லை. ஆகவே ட்யூபா ஓட்வாரிடம் இருக்கிறது.